உப்பு நடந்த வழி

பித்தோராகட் மாவட்ட வரைபடத்தை விரித்தால் மிலம் ஒரு மூலையில் கிடக்கும். கோரி கங்கை ஆற்றை ஒட்டி மேலே மேலே போய், பாதைக்கோடு நின்றுபோகிற இடம். அதற்கப்பால் பனிமலை, அதற்கப்பால் திபெத். முன்சியாரியில் நடக்கத் தொடங்கி, மிலமில் முடித்து, பனியாற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் மலையேற்றக்காரர்களின் வழக்கம். போன செப்டம்பரில் நானும் நண்பரும் அப்படித்தான் போனோம். நடக்க நடக்க எனக்கு ஒன்று பிடிபட்டது. நாம் நடப்பது பாதி வழி. மறுபாதி கணவாய்களுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1962-ல் அது அடைபட்டுப் போயிற்று. மிலம் கடைசி ஊர் ஆனது அப்போதுதான். அதற்கு முன்பு, தலைமுறை தலைமுறையாக, அது நடுவழி ஊர். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

இந்தப் பள்ளத்தாக்கின் பெயர் ஜோகார். இங்கத்திய மக்கள் தங்களை ஷௌகா என்பார்கள். அரசாங்கக் காகிதத்தில் போட்டியா. 1967-ல் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது அந்தப் பெயரில்தான். மேய்ச்சலும் வியாபாரமும் பின்னிப் பிணைந்த பிழைப்பு அவர்களுடையது. கோடைக்கு மிலம், மார்தோலி, புர்ஃபு போன்ற மேல் ஊர்களில் ஒரு வீடு. ஏறும்போதும் இறங்கும்போதும் தங்க முன்சியாரிப் பக்கம் ஒரு வீடு. குளிர்காலத்துக்கு இன்னும் கீழே, தேஜம் மாதிரி வெயில் விழும் ஊர்களில் ஒரு வீடு. குழந்தை குட்டி, ஆடு, நாய், தறி எல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை இதே பாதையில் ஏறும், இறங்கும்.

திபெத்திலிருந்து இறங்கிய சரக்கு உப்பு, கம்பளி, வெண்காரம். நம் பொற்கொல்லர்கள் நகை பற்றவைக்க வைத்திருப்பார்களே, அந்த வெண்காரம்தான். இங்கிருந்து ஏறியவை அரிசி, கோதுமை, பார்லி, வெல்லம், துணி. திபெத்தின் ஏரிக்கரைகளில் உப்பு அள்ள அள்ளக் கிடைக்கும். அந்த உயரத்தில் நெல் விளையாது. குமாவுன் மலைகளில் தானியம் உண்டு. கடல் வெகு தூரம். இரண்டு பக்கமும் ஒன்றுக்கு ஒன்று தேவைப்பட்டது. சங்கப் பாட்டுகளில் உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றுவதைப் படித்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே வியாபாரம்தான் இங்கே மலைமேல் நடந்தது. வண்டி போக வழியில்லை என்பதால் ஆட்டின் முதுகில் நடந்தது.

காத்கோதாமில் ரயிலை விட்டு இறங்கி முன்சியாரி போய்ச் சேர ஒரு முழுப் பகல் ஜீப்பில் குலுங்க வேண்டும். பிர்த்தி அருவியைத் தாண்டி காலாமுனி மேட்டில் ஏறியதும் பஞ்சசூலியின் ஐந்து சிகரங்களும் எதிரே நிற்கும். முன்சியாரிக் கடைத்தெருவில் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தேன். மார்தோலியா, புர்ஃபால், தோலியா, லஸ்பால், மாப்வால். எல்லாம் குடும்பப் பெயர்கள், எல்லாம் மேலே இருக்கும் ஊர்களின் பெயர்கள். மார்தோலி, புர்ஃபு, தோலா, லஸ்பா, மாபா. மருந்துக்கடைக்காரர் பெயரிலும் வழக்கறிஞர் பெயரிலும் ஓர் ஊர் இருந்தது. கையில் இருந்த வரைபடத்தில் அந்த ஊர்கள் ஒவ்வொன்றையும் தேடி வட்டம் போட்டுக்கொண்டேன். வழியில் அவற்றில் பலவற்றைக் கூரையில்லாமல்தான் பார்க்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

முன்சியாரிக்குப் போகிறவர்கள் ஷேர் சிங் பாங்தே தொடங்கிய பழங்குடி மரபு அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் மேலே ஏறக் கூடாது. ஜோகாரின் வரலாற்றை வாழ்நாள் முழுக்கச் சேகரித்தவர் அவர். அங்கேதான் கர்பச் என்ற பையைக் கிட்டத்தில் பார்த்தேன். ஆட்டின் முதுகில் இரண்டு பக்கமும் தொங்குகிற சிறிய இரட்டைப் பை. முரட்டுக் கம்பளித் துணி, உரசும் இடங்களில் தோல் வைத்துத் தைத்தது. நெஞ்சுக்கு ஒரு வார், வாலுக்கு அடியில் ஒரு வார். ஏற்றத்தில் பின்னால் சரியாது, இறக்கத்தில் முன்னால் விழாது. இரண்டு பையிலும் சேர்த்து சுமார் பத்து கிலோதான் பிடிக்கும். இது போய் ஒரு நாட்டுக்கே உப்பு சுமந்ததா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஒரு மந்தையில் நூற்றுக்கணக்கான ஆடுகள். அதுவும் குதிரை மாதிரி தீவனம் சுமந்துபோக வேண்டாம். போகிற வழியில் மேய்ந்துகொள்ளும். குதிரை திணறும் பாறையில் நடக்கும். அதன் உடம்பில் வளர்வதே ஒரு சரக்கு, கத்தரித்து விற்கலாம். இரவானால் பைகளை இறக்கி, வரிசையாக அடுக்கிச் சுவர் எழுப்பி, காற்று படாமல் அதன் மறைவில் ஆட்கள் படுத்துக்கொள்வார்கள். சரக்கே வீடு.

இதைப் புரிந்துகொண்ட பிறகு பாதையே வேறு மாதிரி தெரிந்தது. முன்சியாரியிலிருந்து மிலம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். லீலம், புக்தியார், ரில்கோட், மார்தோலி, புர்ஃபு, பில்ஜு, மிலம். இன்றைக்கு மலையேற்றக்காரர்கள் கூடாரம் போடும் இடங்கள் பெரும்பாலும் பழைய படாவ்கள், அதாவது மந்தை இறக்கித் தங்கிய இடங்கள். ஆடு மேய்ந்துகொண்டே போனால் ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்துக்கு ஒரு படாவ். கொஞ்சம் சமதளம், புல், தண்ணீர், காற்றுக்கு ஒதுக்குப்புறம். மனிதர்கள் பத்து நிமிஷத்தில் ஏறிக் கடக்கிற மேட்டைச் சுற்றிக்கொண்டு பாதை ஏன் போகிறது என்று இரண்டு மூன்று இடங்களில் வியந்தேன். பை கட்டிய ஆட்டின் கண்ணால் பார்த்தால் விடை உடனே கிடைக்கும்.

லீலம் வரை வெக்கை. ஆறு கீழே இரைந்துகொண்டே வரும். மூங்கிலும் ஈரமும் அட்டையும். சாலை வேலைக்காகப் பாறையை உடைத்த இடங்களில் பழைய பாதை சரிந்து கிடக்கிறது. அங்கெல்லாம் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இந்தப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நடந்து தீர்க்க வேண்டிய தூரம். புக்தியாரில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் சாவடி. அடையாள அட்டையைக் காட்டிப் பெயர் எழுதிவிட்டு நகர வேண்டும்.

புக்தியாரைத் தாண்டினால் நஹர் தேவி. கோரி கங்கை பாறையை அறுத்துக்கொண்டு பாய்கிற குடைவு அது. பாதையைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஒரு வளைவில் தேவிக்குச் சின்னக் கோயில், மணிகள் கட்டித் தொங்குகின்றன. நாங்கள் அங்கே இருந்தபோதுதான் மேலிருந்து மந்தை இறங்கியது. முதலில் மணிச்சத்தம், அடுத்து மூத்திர வாடை, அதற்கப்புறம்தான் ஆடு. எங்களோடு வழிகாட்டியாக வந்த இளைஞர் என் தோளைப் பிடித்து உள்பக்கம் தள்ளினார்.

"தாஜ்யூ, ஆத்துப் பக்கம் நிக்காதீங்க. மலையை ஒட்டி நில்லுங்க. ஆடு இடிச்சா கீழதான் போகணும்."

தாஜ்யூ என்றால் குமாவுனியில் அண்ணன். மலையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றோம். வெள்ளாட்டுக் கிடாக்கள் முன்னால் வந்தன, அவற்றின் பின்னால் செம்மறிகள், ஒன்றின் பிட்டத்தில் இன்னொன்றின் மூக்கு படும்படி. எங்கள் முழங்காலை உரசிக்கொண்டு அரை மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தன. கூட வந்த நாயின் கழுத்தில் இரும்பு முள் பட்டை. சிறுத்தை கவ்வுவது கழுத்தைத்தான் என்பதால். மந்தையின் வாலில் இடையர்கள், அன்வால்கள். ஷௌகா குடும்பங்களின் ஆடுகளைக் கூலிக்கு மேய்க்கும் பரம்பரை இடையர்கள் இவர்கள். குளிருக்கு மலையடிவாரத்துப் பாபர் காடுகள் வரை ஓட்டிப்போவார்கள். ஒருவருடைய சட்டைக்குள்ளிருந்து அன்றோ முந்தின நாளோ பிறந்த குட்டியின் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

முன்னால் போன கிடாக்களில் இரண்டு மூன்றின் முதுகில் அதே கர்பச் பை இருந்தது. அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள் பார்த்தது உயிரோடு எதிரே வந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. என்ன கொண்டுபோகிறார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

"இப்போ காலி, தாஜ்யூ. போகும்போது மாவும் உப்பும் ஏத்திக்கிட்டுப் போவாங்க. ஆட்டுக்கு மேய்ச்சல்ல உப்பு நக்கக் குடுக்கணும் இல்லையா. பஜார்ல வாங்கின பாக்கெட் உப்பு."

அந்தப் பாறையில் பல நூற்றாண்டுகளாக உப்பு மேலிருந்து கீழே இறங்கியது. இப்போது ஆடுகளுக்காகக் கீழிருந்து மேலே ஏறுகிறது. எல்லை அடைபட்டதன் முழுக் கதையையும் அந்தக் காலிப் பை எனக்குச் சொல்லிவிட்டது. புத்தகங்கள் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாதையில் நடந்தவர்களிலேயே பெரியவர். மிலம் ஊர்க்காரர் நைன் சிங் ராவத், 1830-ல் பிறந்தவர். மிலமில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார், அதனால் பண்டிட். 19-ம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களைத் திபெத்துக்குள் விடமாட்டார்கள். ஆங்கிலேய ஆட்சியின் நில அளவைத் துறைக்கோ திபெத் ஒரு வெற்றுத்தாள். தாமஸ் மாண்ட்கோமரி என்ற அதிகாரி ஒரு வழி யோசித்தார்: தலைமுறையாகத் திபெத்துக்கு வியாபாரம் போய்வருகிற, மொழி தெரிந்த, யாரும் சந்தேகப்படாத ஷௌகாக்களை அனுப்பினால் என்ன? நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் 1863-ல் டேராடூனுக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

அங்கே அவர்களுக்குக் கற்பித்தவற்றில் முக்கியமானது நடை. ஏற்றமோ இறக்கமோ சமதளமோ, ஒவ்வோர் அடியும் ஒரே நீளம் இருக்க வேண்டும். மைலுக்கு ஏறக்குறைய 2,000 காலடி. எண்ணுவதற்கு ஜபமாலை. புத்த மாலையில் 108 மணி இருக்கும், இவர்களுடையதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் ஒரு சுற்று முடிய 10,000 அடி, ஐந்து மைல். கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புக் காகிதம். கைத்தடிக்குள் வெப்பமானி, தண்ணீர் எந்தச் சூட்டில் கொதிக்கிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்கிடுவார்கள். நட்சத்திரம் பார்க்கப் பாதரசம் வேண்டும், அதைச் சோழிக்குள் அடைத்துவைத்திருந்தார்கள். 1865-ல் நேபாளம் வழியாகக் கிளம்பிய நைன் சிங், 1866 ஜனவரியில் லாசாவை அடைந்தார். லாசா பூமியில் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று உலகத்துக்குச் சரியாகத் தெரிந்தது அப்போதுதான். அதற்குப் பின் தோக் ஜாலுங் தங்கச் சுரங்கங்கள் வரை ஒரு பயணம். 1874-75-ல் லேயிலிருந்து லாசா வழியாக அசாம் வரை கடைசி நெடும்பயணம். 1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் தந்தது. 2004-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது. அதே மிலமைச் சேர்ந்த கிஷன் சிங், 1878 முதல் 1882 வரை நடந்து, கொள்ளையரிடம் எல்லாவற்றையும் பறிகொடுத்து, கோபி பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் துன்ஹுவாங் வரை போய்த் திரும்பினார்.

சென்னைக்காரர்களுக்கு ஒரு செய்தி. மாண்ட்கோமரி வேலை பார்த்த அந்த மாபெரும் முக்கோண அளவை, 1802-ல் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கியது. தேனாம்பேட்டையிலிருந்து விமான நிலையம் போகும்போது தினமும் தாண்டிப் போகிற மலை. அங்கே எஃகுச் சங்கிலியால் ஆரம்பித்த அளவு, இமயத்தின் எல்லையில் சங்கிலி போக முடியாமல் நின்றபோது, அதைத் தன் காலால் நீட்டிக்கொண்டு போனவர் ஓர் ஆட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. நஹர் தேவிக்கும் ரில்கோட்டுக்கும் நடுவில் அந்தக் கற்படிகளில் நடந்து பாருங்கள். ஒரு படி முழங்கால் உயரம், அடுத்தது விரல் உயரம், அடுத்தது உருளும் கல். இந்தப் பாதையில் சின்ன வயதிலிருந்து ஏறி இறங்கிய காலுக்குத்தான் அடியை ஒரே அளவாக வைக்கிற பயிற்சி கைகூடியிருக்கும் என்பது என் எண்ணம். அளவைத் துறை அவரைத் தேர்ந்தெடுத்தது என்று எழுதுவார்கள். இந்தப் பாதை அவரை முன்பே தயார் செய்திருந்தது.

ரில்கோட்டைத் தாண்டினதும் மரம் குறைந்து மலை திறக்கிறது. மார்தோலிக்கு ஏறும்போது பாப்பரைக் கதிர்கள் சிவந்து நின்றன. பாப்பரை என்பது பக்வீட். இங்கே பாபர், ஓகல் என்று இரண்டு வகை. ஊருக்கு மேலே பூர்ஜ மரத் தோப்புக்குள் நந்தா தேவி கோயில். பாத்ரபத மாதத்து நந்தாஷ்டமிக்கு டெல்லியிலும் லக்னோவிலும் வேலை பார்க்கிற மார்தோலியாக்கள்கூட வந்து சேருவார்களாம். நந்தா தேவி கிழக்குச் சிகரத்தை 1939-ல் முதன்முதலில் ஏறிய போலந்து நாட்டுக் குழுவும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் போனது.

மார்தோலியில் சந்து சந்தாக வீடுகள். கல் சுவர், பலகைக்கல் கூரை, செதுக்கு வேலை செய்த மரக் கதவு. பல வீடுகளில் கூரை விழுந்து உள்ளே காஞ்சொறி நிற்கிறது. ஒரு வீட்டில் புகை வந்தது. அங்கே ஓர் ஆமா, நம் பாட்டி, எழுபதைத் தாண்டியவர், எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். ஜ்யா போட்டார். ஜ்யா என்பது உப்பு டீ. டீத்தூளை நன்றாகக் கொதிக்கவைத்து, நீளமான மரக் குழாயில் ஊற்றி, வெண்ணெயும் உப்பும் போட்டு மத்தால் மேலும் கீழும் அடிக்கிறார்கள். சத்துமாவைத் தூவிக் குடிக்க வேண்டும். நடந்த களைப்பில் அதுபோல உடம்புக்கு இதமானது வேறில்லை. மத்தியானம் அரிசிச் சோறும் முன்சியாரி ராஜ்மாவும். தாளிக்க ஜம்பு என்ற மலைப்பூண்டுத் தாளைக் கிள்ளி நெய்யில் போட்டார். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த வாசனை வீடு முழுக்க எழுந்தது.

"வருஷா வருஷம் ஏறி வர்றீங்களா, ஆமா?" என்று கேட்டேன்.

"வராம? உருளைக்கிழங்கு போட்டிருக்கேன். வீட்டுக் கூரையில ஒரு கல் நகர்ந்தா அடுத்த வருஷம் சுவர் போயிடும், பேட்டா. பசங்க வேண்டாம்னுதான் சொல்றாங்க. முன்சியாரியில எனக்கு மூச்சு முட்டுது."

சின்னப் பெண்ணாக இருந்தபோது அவருடைய அப்பாவின் மந்தை கணவாயிலிருந்து இறங்குகிற நாளைப் பற்றிச் சொன்னார். மணிச்சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஊர் எல்லைக்கு ஓடுவார்களாம். பையைப் பிரித்ததும் உப்புக் கட்டியை நக்கிப் பார்க்கத்தான் முதல் போட்டி. திபெத்து உப்பு கொஞ்சம் சிவப்பாக இருக்கும், ஆட்டுக்கு அதுதான் பிடிக்கும், பாக்கெட் உப்பை அவ்வளவு ஆசையாக நக்காது என்றார்.

மார்தோலிக்கு மேலே நடை சுலபம், பள்ளத்தாக்கு அகன்று விடுகிறது. பில்ஜுவிலிருந்து நந்தா தேவி தெரியும். மிலமுக்குள் நுழையும்போது பெரிய ஊர் என்பது பார்த்த உடனே புரிகிறது. ஜோகாரிலேயே பெரியது இது. சந்துகள் ஒன்றோடொன்று பின்னிப் பிரிகின்றன. இரண்டு மாடி வீடுகளின் சுவர்கள் நிற்கின்றன. உத்தரம் இல்லை, கூரை இல்லை. சில குடும்பங்கள் மட்டும் கோடையில் வந்து உருளைக்கிழங்கும் மூலிகையும் பயிரிடுகின்றன. மற்றபடி எல்லைக் காவல் படைதான். சாவடியில் மறுபடியும் பெயர் எழுதினோம். வடக்கே கேமராவைத் திருப்ப வேண்டாம் என்று ஜவான் மரியாதையாகச் சொன்னார்.

அந்த வடக்கில்தான் மறுபாதி. மிலமிலிருந்து ஏறி உண்டா தூரா, ஜெயந்தி, குங்ரி பிங்ரி என்று மூன்று கணவாய்கள். மூன்றுமே 5,000 மீட்டருக்கு மேல். நடுவில் தங்கினால் புல்லும் இல்லை, விறகும் இல்லை, பனிப்புயல் வந்தால் மந்தையோடு முடிந்தது. அதனால் மூன்றையும் ஒரே நாளில் தாண்டுவார்கள். விடியுமுன் கிளம்பி இருட்டின பிறகு அந்தப் பக்கம் இறங்குவது. சுமையோடு ஆடு, பின்னால் ஆள். அதற்கப்பால் மேற்குத் திபெத்தின் கியானிமா சந்தை, கோடையில் மட்டும் கூடாரங்களால் எழும் ஊர். மழைக்காலத்து நடுவில் போய், பனி மூடுமுன் திரும்பிவிட வேண்டும்.

போவதற்கும் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் முதலில் திபெத்துப் பக்கத்திலிருந்து ஆள் வந்து விசாரிப்பார்: இந்தப் பக்கம் அம்மை கண்டிருக்கிறதா, ஆடுமாடுகளுக்கு நோயா, பஞ்சமா, சண்டையா? எல்லாம் சரி என்று ஆன பிறகே கணவாய் திறக்கும். சந்தையில் நினைத்தவரிடம் வாங்கவும் முடியாது. ஒவ்வொரு ஷௌகா குடும்பத்துக்கும் அங்கே ஒரு மித்ரன் உண்டு. வியாபாரம் அவரோடு மட்டும்தான். உறவைத் தொடங்கும்போது ஒரு கல்லை இரண்டாக உடைத்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். அப்பனுக்குப் பின் பிள்ளை, பிள்ளைக்குப் பின் பேரன் என்று அந்த உறவு தொடரும். கடன் சொன்னாலும் அடுத்த கோடையில் அதே கூடாரத்தில் தீர்க்கலாம். மொழியும் மதமும் வேறான இரண்டு மக்கள், காவல் நிலையமோ நீதிமன்றமோ இல்லாத ஒரு பீடபூமியில், ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி இவ்வளவு காலம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். இந்தப் பாதையில் எனக்கு மிகப் பெரியதாகத் தெரிந்தது சிகரங்கள் அல்ல, அதுதான்.

வாங்கி வந்த சரக்குக்கும் காலண்டர் உண்டு. கோரியும் காளியும் சேரும் ஜௌல்ஜிபியில் நவம்பரில் சந்தை. நம் பொங்கலை ஒட்டி பாகேஷ்வரில் உத்தராயணித் திருவிழா. ஆட்டு முதுகில் வந்த கம்பளி கான்பூர் ஆலைகள் வரை போயிற்று. குளிர்காலம் முழுக்கப் பெண்கள் தறியில் உட்கார்ந்து சால்வையும், துல்மா என்ற கனத்த கம்பளிப் போர்வையும், தரைவிரிப்பும் நெய்தார்கள். சந்தைக்குப் போனது ஆண்கள். சந்தைக்குப் போன பொருளில் பாதி பெண்கள் கையால் ஆனது. ஜோகார் வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஓரமாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை.

1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் திபெத் வணிக ஒப்பந்தம் போட்டன. பஞ்சசீலம் என்று நாம் பள்ளியில் படித்தது அந்த ஒப்பந்தத்தின் முகப்பில்தான் இருக்கிறது. அதன் உள்ளே வியாபாரிகளும் யாத்திரிகர்களும் போய்வர ஆறு கணவாய்களைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள்: ஷிப்கி லா, மானா, நீத்தி, குங்ரி பிங்ரி, தார்மா, லிபுலேக். கியானிமா சந்தையும் அதில் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கான ஒப்பந்தம். 1962 ஜூனில் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. அக்டோபரில் போர். மேய்ச்சலும் சந்தையும் மித்ரனும் ஒரே வருஷத்தில் போயின. சிலருடைய சரக்கும் கடனும் அந்தப் பக்கமே தங்கிவிட்டன. மந்தைகளை விற்றார்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், அரசு வேலைகளில் ஷௌகாக்கள் நல்ல இடங்களுக்கு வந்தார்கள். அது அவர்களுடைய உழைப்பு. ஆனால் மிலம் காலியானது.

லிபுலேக் வழியாக 1992-ல் மறுபடி வியாபாரம் தொடங்கியது, ஷிப்கி லா 1994-ல். குங்ரி பிங்ரி திறக்கவே இல்லை. இரண்டு பெரிய நாடுகளின் கணக்கில் இது சின்ன விஷயம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் ஆறு பெயர்களை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள், அதில் சிலவற்றை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மறந்துபோகக் கூடாது என்பது என் கட்சி.

சாலையைப் பற்றி. முன்சியாரியிலிருந்து மிலம் வரை மோட்டார் ரோடு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லைக்குத் தேவை என்பதால் எவ்வளவு சிரமமானாலும் நிறுத்தப்போவதில்லை. 2019-ல் கனரக இயந்திரங்களை ஹெலிகாப்டரில் கொண்டுபோய் லஸ்பாவில் இறக்கினார்கள். 2020 ஜூனில் முன்சியாரி அருகே, பொக்லைன் ஏற்றிய லாரி பாரம் தாங்காமல் பாலம் ஒன்று ஓடைக்குள் விழுந்தது. சில நாட்களில் புதுப் பாலம் போட்டுவிட்டார்கள். மலையேற்றக்காரர்கள் பலர் ரோடு வந்தால் பாதை போச்சு என்று வருத்தப்படுகிறார்கள். மார்தோலி ஆமாவிடம் கேட்டேன். "ரோடு வரட்டும். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரரை முதுகில கட்டித் தூக்கிட்டுப் போனாங்க" என்றார், ஒரு நொடிகூட யோசிக்காமல். ரோடு வேண்டாம் என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. ரோடு வந்தால் சில கூரைகள் திரும்பவும் ஏறும் என்று நம்புகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பாறையை உடைத்து ஆற்றில் தள்ளுகிற வேகத்தில் படாவ்களையும் செதுக்குப் படிகளையும் மூடிவிடாதீர்கள். மந்தைகள் இன்னும் அந்த வழியில்தான் நடக்கின்றன. லாரி போகிற ரோட்டில் ஆயிரம் ஆட்டை ஓட்டிப்போக முடியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் மண்சரிவு, போகாதீர்கள். மந்தை இறங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர். முன்சியாரியில் உதவி ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அசல் அடையாள அட்டையும் சில நகல்களும் கையில் இருக்கட்டும். வழிகாட்டியை முன்சியாரியிலேயே, முடிந்தால் மேல் ஊர்க் குடும்பத்திலிருந்து தேடுங்கள்; ஒவ்வொரு பாழ்வீட்டையும் யாருடையது என்று அவர் சொல்வார். மார்தோலியிலும் மிலமிலும் கூடாரத்தை விட வீடுகளில் தங்குங்கள், கேட்ட பணத்தைக் குறைக்காமல் கொடுங்கள். முன்சியாரிக்குப் பக்கத்துத் தர்கோட் கிராமத்தில் பெண்கள் இன்னும் நெய்கிறார்கள். துல்மா வாங்குவதானால் நேராக அவர்களிடமே வாங்கலாம். நல்ல கனம் இருக்கும், அதனால் இறங்கி வந்த பிறகு வாங்குங்கள்.